கதவைத் தொடாத கடலைமிட்டாய்

கரிசல் காட்டின் நடுவே ஓர் ஆசிரமம் இருந்தது. ஓலைக்கூரைக்குப் பதில் பாலித்தீன் கூரை, கமண்டலத்துக்குப் பதில் பூவாளி, மான்குட்டிகளுக்குப் பதில் ஒரே ஒரு கீரிப்பிள்ளை. வாசலில் ‘செடி வீடு, செருப்பைக் கழற்றவும்’ என்று பலகை.

குருவின் பெயர் வேதமணி, வயது முப்பத்து நான்கு. சீடரின் பெயர் நயினார், வயது நாற்பத்தொன்பது. பள்ளிக்கூடத்தில் ஐந்து வருடம் விடுப்புப் போட்டுவிட்டு முனைவர் பட்டத்துக்கு வந்து சேர்ந்தவர். எட்டாம் வகுப்பில் வேதமணிக்கு அறிவியல் எடுத்தவரும் அவரேதான். அதனால் குரு சீடரை ‘சார்’ என்பார், சீடர் குருவை ‘மேடம்’ என்பார். புதிதாக வந்த வாட்ச்மேன் ஒரு மாதம் ஆள் மாற்றி சல்யூட் அடித்துக்கொண்டிருந்தார். நயினாரும் அவரைத் திருத்தவில்லை.

நயினார் எதற்கும் குரல் கொடுப்பார். தவளைப் பாடம் என்றால் தவளை, நுரையீரல் பாடம் என்றால் இளைப்பு வந்த தாத்தா, கல்வி அதிகாரி வந்துவிட்டுப் போனால் அடுத்த நிமிடமே கல்வி அதிகாரி. பிள்ளைகள் பெஞ்சிலிருந்து விழுந்து சிரிப்பார்கள். ஒருநாள் இந்த வேதமணி எழுந்து நின்று, “சார், செடிக்குப் பயம் வருமா?” என்று கேட்டபோது நயினார் தலைமேல் இரண்டு கைகளையும் இலைமாதிரி விரித்து, “அய்யய்யோ, ஆடு வருது, நான் வீட்டுக்குப் போறேன்” என்று அழுது காட்டினார். வகுப்பே உருண்டது. அந்தப் பிள்ளை உட்கார்ந்துகொண்டது.

இப்போது அவர் புரதங்களுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மழை தவறினால் செடி ஓர் அமிலத்தைச் சுரக்கும். அப்சிசிக் அமிலம் என்று பெயர். அது வந்ததும் இலையின் அடியில் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத வாய்கள் மூடிக்கொள்ளும், உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகாமல் தப்பிக்கும். அந்த அமிலத்துக்கு நயினார் வைத்திருந்தது இன்ஸ்பெக்டர் குரல். “எவன்டா அங்க வாயைத் திறந்து வச்சிருக்கிறது? ம், மூடு.”

செடிகள்தான் இன்ஸ்பெக்டரை மதிக்கவில்லை.

நயினாரிடம் இரண்டு ட்ரே இருந்தன. இரண்டிலும் கடுகுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரியான குட்டிச் செடி. தாளிக்க உதவாது, ஆராய்ச்சிக்கு மட்டும் உதவும். முதல் ட்ரேயில் இருந்தவை பிறவியிலேயே ஒரு புரதம் கோணலாக அமைந்தவை. தண்ணீர் நிறுத்தியதும் அமிலம் ஏராளமாகச் சுரந்தது, வாய் மட்டும் மூடவில்லை, வாடித் தொங்கின. நயினார் வெளியிலிருந்தும் அமிலத்தைத் தெளித்தார். இரண்டு மடங்கு, ஐந்து மடங்கு, பத்து மடங்கு. இன்ஸ்பெக்டருக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

இரண்டாவது ட்ரேயில் இருந்தவற்றுக்கு அதே புரதம் அடியோடு இல்லை. வேர் நனைய நனையத் தண்ணீர் ஊற்றினாலும் அவை வாயைச் சரியாகத் திறக்கவில்லை. கட்டைவிரல் உயரத்தில் குன்றிப்போய் நின்றன. அங்கே அமிலம் இருந்ததோ துளி. இன்ஸ்பெக்டர் தெருமுனையில் தலைகாட்டியதுமே ஊரே கதவைச் சாத்தியதுபோல.

வெள்ளிக்கிழமை மூன்று பேராசிரியர்கள் வருகிறார்கள். இதற்கு விளக்கம் சொன்னால் பட்டம். சொல்லாவிட்டால் பதிவு ரத்து, திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு ஏழாம் வகுப்பு ‘பி’. ஐந்து வருடம் காற்றில் போய்விடும். மூன்றாவது நீட்டிப்பு என்பது கிடையாது.

திங்கட்கிழமை அவர் தன் ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு குருவிடம் போனார். இருநூற்றுப் பத்துப் பக்கம், கெட்டி அட்டை.

“மேடம், யார்தான் உத்தரவு போடுறது?”

வேதமணி முதல் படத்தைப் பார்த்தார். மேலே அமிலம் என்று எழுதியிருந்தது. கீழே வாய் வரைந்திருந்தது. நடுவே தடிமனாக ஓர் அம்புக்குறி.

“இந்த அம்பை யார் போட்டது?”

“நான்தான்.”

“அழிச்சிட்டு வாங்க.”

“அதை அழிச்சா படத்துல ஒண்ணுமே இருக்காதே மேடம்.”

“வாங்க சார்.”

செடி வீட்டு வாசலில், அங்கே எடுபிடி வேலை பார்க்கும் பேச்சிக்கனி அக்கா ஒரு மண்தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அங்கே இருப்பது ஸ்பிரிங் கதவு. விட்டால் தானே சாத்திக்கொள்ளும். ட்ரே தூக்கி வருகிறவர்களுக்காகப் பகல் முழுவதும் ஒரு செங்கல் அதைத் திறந்து வைத்திருக்கும். காட்டுப் பக்கம் புழுதிக்காற்று கிளம்பினால் செங்கலை எடுத்துவிட வேண்டும், அது பேச்சிக்கனியின் வேலை. அவருக்குக் கண்ணில் புரை, தூரத்துப் புழுதி தெரியாது. பார்க்கிறவர் ஓடிவந்து அவருடைய உள்ளங்கையில் ஒரு கடலைமிட்டாய் வைக்க வேண்டும். கத்திச் சொன்னால் அசையமாட்டார்.

முதல் வருடம் நயினார் அதற்குக் காரணம் கேட்டிருந்தார். “சும்மா காத்து காத்துன்னு கத்திட்டு ஓடிப்போவானுவ சார். நான் எந்திரிச்சு எந்திரிச்சு உக்காரணும். மிட்டாயக் குடுத்து எவனும் பொய் சொல்லமாட்டான்” என்றார் பேச்சிக்கனி. ஏழு வருடமாக அதுதான் வழக்கம்.

வேதமணி கைப்பையிலிருந்து ஒரு கடலைமிட்டாயை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தார்.

பேச்சிக்கனி அதை வாயில் போட்டுக்கொண்டு, குனிந்து, செங்கலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கதவு தட் என்று சாத்தியது.

“கதவை யார் சாத்துனா?” என்றார் குரு.

“பேச்சிக்கா.”

“என் மேல பழியப் போடாதீய. நான் கதவத் தொடவே இல்ல” என்றார் பேச்சிக்கனி, மிட்டாயை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு.

“அப்ப மிட்டாய்.”

“மிட்டாய் கதவுகிட்டப் போச்சா சார்?”

“போகல. பேச்சிக்கா வாய்க்குள்ள போச்சு.”

“அப்புறம்?”

நயினார் யோசித்தார். “செங்கல்.”

“செங்கல் என்ன செஞ்சுது?”

“அது கதவைச் சாத்தவிடாமப் பிடிச்சுக்கிட்டு இருந்தது.”

“சாத்தவிடாமப் பிடிச்சது எப்படிச் சார் சாத்தும்?”

“அப்ப யாருமே சாத்தலையா மேடம்?”

மிட்டாய் கரைந்து முடிந்தது. பேச்சிக்கனி புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்தார், எழுந்தார், கதவை இழுத்துத் திறந்து செங்கலைப் பழைய இடத்தில் வைத்தார். வேதமணி போய்விட்டார்.

அன்று நயினார் அம்புக்குறியை அழித்தார். பிறகு அமிலத்துக்கு இன்ஸ்பெக்டர் குரலைக் கொடுத்துப் பார்த்தார். மிட்டாய்க்கு எப்படி இன்ஸ்பெக்டர் குரல் பொருந்தும்? கண்டக்டர் குரலைக் கொடுத்தார். அதுவும் ஒட்டவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்தார், தயிர்சாதத்தைப் பார்த்தார், மூடினார். சாயங்காலம் அது நிறைந்தபடியே வீட்டுக்குப் போயிற்று.

செவ்வாய்க்கிழமை அவர் வந்தபோது கதவடியில் செங்கல் இல்லை. அந்த இடத்தில் நிலத்தில் பாதி புதைத்து ஓர் எல்லைக்கல் நின்றது. வயலுக்கு வயல் நடுவார்களே, அந்தக் கல். கதவு அதன்மேல் சாய்ந்து அகலத் திறந்து கிடந்தது.

“மேடம், இது என்ன?”

“காத்து வருதுன்னு வச்சுக்கோங்க. சாத்தச் சொல்லுங்க.” ஒரு பெட்டி கடலைமிட்டாயை அவர் கையில் கொடுத்துவிட்டு வேதமணி உள்ளே போய்விட்டார்.

நயினார் ஒரு மிட்டாயைக் கொடுத்தார். பேச்சிக்கனி வாயில் போட்டுக்கொண்டு குனிந்தார். கல் வழுவழுவென்றிருந்தது, பிடி கிடைக்கவில்லை.

“வரமாட்டேங்குது சார்.”

“இன்னொண்ணு வாங்கிக்கோங்க.”

“மிட்டாய்க்கு என்ன, குடுங்க. கல்லு வரணுமே.”

இரண்டாவது. ஐந்தாவது. பத்தாவது மிட்டாய்க்கு பேச்சிக்கனி ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். “எனக்குக் கடவாய்ப்பல்லு ஆடுது. நீங்க யாரைச் சார் சரிக்கட்டப் பாக்குதீய, என்னையா கல்லையா?”

பெட்டியில் மீதி இருந்ததை அப்படியே நீட்டிக்கொண்டிருந்த நயினாரின் கை நின்றது. அவர் தலையைத் திருப்பி, உள்ளே வாடித் தொங்கிக்கொண்டிருந்த முதல் ட்ரேயைப் பார்த்தார். பத்து மடங்கு தெளித்த பம்ப் அதன் பக்கத்திலேயே இருந்தது.

அவர் ஓடினார்.

“மேடம், மேடம். முதல் ட்ரேல இன்ஸ்பெக்டர்மேல தப்பே இல்ல. கோணலா இருக்கிறது செங்கல். பேச்சிக்கா கைக்கு அகப்படாத செங்கல்.”

“சரி.”

“மிட்டாய் கொடுத்துப் பிரயோசனமே இல்ல.”

“சரி.”

“அப்ப எனக்குப் புரிஞ்சிடுச்சா மேடம்?”

“இல்ல” என்றார் வேதமணி.

புதன்கிழமை எல்லைக்கல்லும் இல்லை, செங்கலும் இல்லை. கதவு சாத்தியிருந்தது. பேச்சிக்கனி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“செங்கல் எங்க பேச்சிக்கா?”

“டாக்டரம்மா தூக்கிட்டுப் போயாச்சு. உள்ள இருக்க நாப்பது ட்ரேயையும் வெளியே எடுத்து வச்சு, கழுவி, உள்ள வைக்கணுமாம். நீங்கதான் செய்யணுமாம்.”

நயினார் ஒரு ட்ரேயைத் தூக்கிக்கொண்டு வந்தார். கதவை முதுகால் தள்ளினார், ஒரு காலை வெளியே வைத்தார், ஸ்பிரிங் கதவு பின்னாலேயே வந்து குதிகாலில் இடித்தது. திரும்பி உள்ளே போகும்போது ட்ரேயைக் கீழே வைத்து, கதவைத் திறந்து, காலால் முட்டுக்கொடுத்து, குனிந்து ட்ரேயை எடுப்பதற்குள் கால் நழுவி, மறுபடி தட். பத்துமணிக்குள் குதிகால் சிவந்துவிட்டது. மதியம் ஆறு ட்ரே முடிந்திருந்தது.

செடி வீட்டுக்குள் வெக்கை கொதித்தது. அவர் ஒரு மூலையில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார், பார்த்தார், மூடினார். மூன்றாவது நாள்.

வேதமணி வந்து எதிரே குத்தவைத்து உட்கார்ந்தார்.

“எப்படிச் சார் இருக்கு?”

“கதவு நல்லாச் சாத்துது மேடம். ஒரு தூசி உள்ள வரல.”

“வேற என்ன வரல?”

“ட்ரேயும் வரல. காத்தும் வரல.” சொல்லிவிட்டு அவர் இரண்டாவது ட்ரேயைப் பார்த்தார். கட்டைவிரல் உயரச் செடிகள். வேரடியில் தண்ணீர் மினுங்கியது. “இதுங்களுக்குச் செங்கலே இல்ல. அப்படித்தானே மேடம்? தாகம் இல்ல, ஆனா பட்டினி. வாயைத் திறந்தாத்தானே காத்துல இருக்கிறதை வாங்கிச் சாப்பிட முடியும்.”

வேதமணி மூடியிருந்த டிபன் பாக்ஸைப் பார்த்தார்.

நயினார் பாக்ஸைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தி வைத்தார். “அப்ப செங்கல் நல்லவனா, கெட்டவனா? நேத்து கெட்டவன்னு நினைச்சேன். இன்னைக்கு இல்லாமக் குதிகால் போச்சு. நல்லவன்னா ஒரு குரல், கெட்டவன்னா ஒரு குரல். எனக்கு எந்தக் குரல் கொடுக்கிறதுன்னே தெரியல.”

“செங்கல் பேசாது சார்.”

“மிட்டாய்?”

“அதுவும் பேசாது.”

“அப்ப யார்தான் பேசுறது மேடம்?”

“நீங்கதான் ரொம்ப நேரமாப் பேசிக்கிட்டு இருக்கீங்க.” அவர் எழுந்து போய்விட்டார்.

வியாழக்கிழமை நயினார் மறைத்துவைத்திருந்ததைச் செடி வீட்டுக்குள் வேதமணியிடம் கொண்டுவந்தார். மூன்று படங்கள், பழைய காகித உறைக்குள். சரியாக மூடத் தெரிந்த, நோய்நொடி இல்லாத செடிகளை வைத்து எடுத்தவை. செடிக்குத் தண்ணீர் நிறுத்துவதற்கு முன் அந்தச் செங்கல் புரதம் எவ்வளவு, நிறுத்திய பின் எவ்வளவு என்று பார்த்தவை. தண்ணீர் நிறுத்தியதும் செங்கல் குறைய வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார். மூன்றிலும் கூடியிருந்தது.

முதல் தடவை குழாய்களை மாற்றி வைத்துவிட்டோம் என்று நினைத்தார். இரண்டாவது தடவை மருந்து பழசு என்று நினைத்தார். மூன்றாவது தடவை ஒன்றும் நினைக்காமல் உறைக்குள் போட்டு ஒட்டி, மேலே ‘தவறு’ என்று எழுதிவிட்டார். ஆய்வேட்டில் அவை இல்லை.

“இது எப்படி மேடம் இருக்க முடியும்? மூடித் தப்பிக்க வேண்டிய நேரத்துல, மூடவிடாமப் பிடிக்கிறவனை எவனாவது கூடச் சேர்ப்பானா? வீடு பத்திக்கிட்டு எரியும்போது தீப்பெட்டி வாங்கப் போற மாதிரில்ல இருக்கு.”

வேதமணி பதில் சொல்வதற்குள், கிணற்றடியிலிருந்து வாட்ச்மேன் ஓடிவந்தார். பேச்சிக்கனியின் கையில் மிட்டாய் விழுந்தது. பழைய இடத்துக்குத் திரும்பியிருந்த செங்கல் மடிக்கு ஏறியது, கதவு சாத்தியது. அடுத்த நிமிடம் புழுதிக்காற்று வந்து பாலித்தீன் கூரையை உலுக்கியது. இது உண்மையான காற்று. வாட்ச்மேன் பேச்சிக்கனியின் கையில் மிட்டாயாக வைத்துக்கொண்டே இருந்தார். ஒன்று கரைந்தால் அடுத்தது.

வேதமணி கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். உள்ளேயிருந்த நயினார் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். வேதமணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அந்தப் புழுதிக்குள், மதிலோரத்திலிருந்து செங்கல் கொண்டுவந்து பேச்சிக்கனியின் பக்கத்தில் இறக்கிக்கொண்டிருந்தார். ஒன்று. பேச்சிக்கனி அதையும் மடியில் வைத்துக்கொண்டார். இன்னொன்று. அது மடியில் நிற்கவில்லை, சறுக்கிக் கீழே கிடந்தது. இன்னும் ஒன்று.

காற்று அடங்கியதும் நயினார் வெளியே வந்தார். “மேடம், பேச்சிக்கா மடியில இடமில்லன்னு தெரியுதே. காத்து அடிக்கிற நேரத்துல எதுக்குச் செங்கல் சுமந்தீங்க?”

வேதமணி தலையைத் தட்டி மண்ணை உதறினார். “நாளைக்கு அவங்க என்ன கேட்டாலும் பதில் தெரியாதுன்னா, தெரியாதுன்னு சொல்லிடுங்க சார்.”

“நான் கேட்டது இது இல்லையே மேடம்.”

“ஆமா” என்றார் குரு.

வெள்ளிக்கிழமை. கூட்ட அறையில் ஏசி போட்டிருந்தது. அதற்காகப் புதிதாக ஒரு கதவு மாட்டியிருந்தார்கள், தானே சாத்திக்கொள்ளும் கதவு. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேராசிரியர்கள். நடுவில் இருந்த துரைசிங்கம்தான் தலைவர். மற்ற இருவரும் அவர் சிரித்தால் சிரிப்பார்கள், இருமினால் தண்ணீர் எடுத்து நீட்டுவார்கள். வேதமணி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். வழிகாட்டி வாயைத் திறக்கக் கூடாது என்பது அங்கே விதி.

நயினார் முதல் ட்ரேயைச் சொன்னார். இரண்டாவது ட்ரேயைச் சொன்னார். குரல் எதுவும் கொடுக்கவில்லை. தவளையும் வரவில்லை, இன்ஸ்பெக்டரும் வரவில்லை. சொந்தக் குரலே பாதிதான் வந்தது.

துரைசிங்கம் பக்கங்களைப் புரட்டினார். நின்றார். திரும்பவும் புரட்டினார்.

“மிஸ்டர் நயினார். பதினோராம் படத்துக்கு அப்புறம் பதினைஞ்சாம் படம் வருது. பன்னிரண்டு, பதிமூணு, பதினாலு எங்கே? டூர் போயிருக்கா?”

இரண்டு பக்கமும் சிரித்தார்கள்.

படங்களை எடுத்த நயினார் எண்களை மாற்ற மறந்திருந்தார். ஐந்து வருடம் பரீட்சைத் தாள் திருத்தாததன் வினை என்று அவருக்கே தோன்றியது.

“இருந்ததா, இல்லையா? எளிய கேள்விதானே.”

அவர் பேசவில்லை.

“எடுத்துட்டீங்களா? ஏன் எடுத்தீங்க? உங்களுக்குச் சாதகமா இல்லைன்னா எடுத்துடுவீங்களா?”

அவர் சுவரோரம் பார்த்தார். வேதமணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது கதவு ஒரு சாண் திறந்தது. முதலில் முதுகு வந்தது, பிறகு பேச்சிக்கனி வந்தார். கையில் தட்டு, தட்டில் ஐந்து டீ. முழுதாக உள்ளே வருவதற்குள் கதவு பின்னாலேயே வந்து குதிகாலில் இடித்தது. டீ தளும்பியது.

“இந்தக் கதவ மாட்டுனவன் வீட்டுல டீ குடிக்கிற பழக்கமே கிடையாது போலுக்கு” என்றார் பேச்சிக்கனி, யாரிடமும் இல்லாமல். “இன்னும் பிஸ்கட் தட்டு வெளிய இருக்கு. எப்படி எடுத்தாரது?”

நயினார் எழுந்தார். பேராசிரியர்கள் அவரையே பார்த்தார்கள். அவர் கதவை அகலத் திறந்தார், சுற்றுமுற்றும் பார்த்தார். அந்த வழுவழுத் தரையில் எங்கே செங்கலுக்குப் போவது? மேசைக்கு வந்து துரைசிங்கத்தின் கையிலிருந்த ஆய்வேட்டை, “கொஞ்சம் கொடுங்க சார்” என்று வாங்கினார். கொண்டுபோய்க் கதவடியில் வைத்தார்.

இருநூற்றுப் பத்துப் பக்கம், கெட்டி அட்டை. கதவு அதன்மேல் சாய்ந்து நின்றது.

பேச்சிக்கனி போய் பிஸ்கட் தட்டோடு வந்தார். வெளிக்காற்றும் கொஞ்சம் கூட வந்தது. நயினார் குனிந்தபடியே அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மிஸ்டர் நயினார்?”

“இருந்தது சார்” என்றார் அவர், குனிந்தபடியே. “மூணு படமும் இருந்தது. பயமா இருந்துச்சு, எடுத்துட்டேன்.”

அவர் நிமிர்ந்தார். தன் பையிலிருந்து உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். ‘தவறு’ என்ற எழுத்து மேலே இருந்தது.

“தண்ணி நிறுத்தினதும் செடி வாயைச் சாத்துது. அதே நேரத்துல, சாத்தவிடாமப் பிடிக்கிற புரதத்தையும் நிறைய உண்டாக்குது. மூணு தடவை பார்த்தேன், மூணு தடவையும் அப்படித்தான். எனக்குப் பைத்தியக்காரத்தனமாத் தெரிஞ்சுது.”

“எனக்கும் அப்படித்தான் தெரியுது” என்றார் துரைசிங்கம்.

“எனக்கு நேத்து வரைக்கும்தான் சார்.” நயினார் ஒரு டீயை எடுத்தார், யாருக்கும் கொடுக்காமல் தானே குடித்தார். “அமிலம் உத்தரவு போடுறது இல்ல. அது இன்ஸ்பெக்டர் இல்ல. அது வந்து இன்னொரு புரதத்தோட கையில உக்காருது. அந்தக் கை செங்கலைப் பிடிச்சுக்குது. அப்பக் கதவு தானாச் சாத்துது. அமிலம் தீர்ந்தாத்தான் கை விடும். ஆனா அந்தக் கைகளுக்கும் ஒரு கணக்கு இருக்கு. மடியில ரெண்டு செங்கல்தான் நிக்கும். மூணாவது கீழ கிடக்கும். காத்து நின்னு, மிட்டாய் குறைய ஆரம்பிச்சதுமே, கீழ கிடக்கிறது கதவுக்குப் போயிடும். காத்து நின்ன பிறகு செங்கல் அறுக்க உக்காந்தா, செடி பட்டினியில செத்துப்போகும் சார்.”

“மிட்டாய்னா?” என்றார் இடப்பக்கத்துப் பேராசிரியர், தலைவரைப் பார்க்காமல்.

“கடலைமிட்டாய்” என்றார் பேச்சிக்கனி. “நான் சொல்லுதேன், கேளுங்க.”

அரைமணி நேரம் கழித்து வெளியே வந்தபோது நயினாரிடம் ஒரு தாள் இருந்தது. மூன்று படங்களையும் திரும்பச் சேர்க்க வேண்டும், சேர்த்தால் பட்டம் என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது. ஆய்வேட்டின் கீழ் அட்டையில் கதவின் தடம் விழுந்திருந்தது.

அவர் செடி வீட்டு வாசலில், பேச்சிக்கனியின் தொட்டிமேல் உட்கார்ந்து, டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதம் முழுவதையும் சாப்பிட்டார். ஊறுகாய் எண்ணெயையும் விரலால் வழித்தார். வேதமணி வந்து நின்றதும் எழப் பார்த்தார், அவர் வேண்டாம் என்று கையமர்த்தினார்.

“மேடம், ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுங்க சார்.”

“எட்டாம் வகுப்புல நீங்க என்கிட்ட ஒரு கேள்வி கேட்டீங்க. செடிக்குப் பயம் வருமான்னு. நான் பெரிய கூத்தெல்லாம் பண்ணினேன். இருபத்தோரு வருஷம் கழிச்சு இன்னைக்குப் பதில் சொல்றேன். வரும் மேடம். செடிக்குப் பயம் வரும்.”

வேதமணி குனிந்து, கதவடியில் செங்கலைக் கொஞ்சம் நேராக்கி வைத்தார்.

“நான் கேட்டது பாதிதான் சார். அதுக்குள்ள நீங்க செடி மாதிரி அழ ஆரம்பிச்சுட்டீங்க, எல்லாரும் சிரிச்சாங்க, நான் உக்காந்துட்டேன்.”

“மீதி என்ன மேடம்?”

“வந்த பயம் எப்படிச் சார் போகும்னு.”

நயினார் வாயைத் திறந்தார். எந்தக் குரலும் வரவில்லை.